தலைவர் வகுப்பில் சொன்ன பதில்

ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று இன்றுவரை மனம் ஒரு நிலையில் இல்லை.

கேட்டது தலைவரிடம். ஒரு கட்சியின் மாநிலப் பொறுப்பில் இருந்தவர், அடுத்தடுத்துத் தேர்தல்களில் தோற்று, கட்சியையும் விட்டுவிட்டு, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே பள்ளிக்கூடம் தொடங்கினார். தாளாளரான பிறகும் எல்லோருக்கும் அவர் தலைவர்தான். குடிமையியல் பாடத்தை அவரே எடுப்பார். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, "வகுப்பாசிரியர் அவர்களே, மாணவச் செல்வங்களே" என்று ஆரம்பிப்பார். சிரிப்பை அடக்குவது எங்களுக்குப் பெரும்பாடு.

அன்றைய பாடம் மக்கள் பிரதிநிதியின் கடமைகள். "யாரு வேணும்னாலும் கேள்வி கேக்கலாம்" என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று புரியாத அசடு நான். "சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நெலம் குடுத்தா வூட்டுக்கு ஒருத்தருக்கு வேலைன்னு எங்க ஊருல பேசுனீங்களே சார், எங்கப்பாவுக்கு எப்ப வரும்?"

"பரிசீலனையில இருக்கும்மா" என்றார். யாரோ பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள்.

மறுநாள் அவர்களே இவர்களே எதுவும் இல்லை. "நேத்து பொய் சொன்னேன். அந்த வேலை வராது. சிமெண்டு ஆலைக்காரங்க எழுதிக் குடுக்கவே இல்ல. தெரிஞ்சேதான் மேடையில பேசுனேன்" என்றார். வகுப்பு முடிந்ததும் என்னை மட்டும் நிறுத்தி, "உங்கப்பாகிட்ட நீயே சொல்லிடும்மா. என்னால முடியல" என்றார்.

நான் சொல்லவில்லை. சொன்னால் அப்பா ஆத்திரத்தில் என்னை அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளை என்று அங்கே எனக்குக் கட்டணம் கிடையாது. எங்கள் ஊரிலிருந்து வகுப்பில் நான் ஒருத்திதான், வேறு யார் மூலமும் சேதி போகவில்லை. திருப்பூருக்கு வரச்சொல்லி மாமா எத்தனையோ முறை கூப்பிட்டும், ஆலை வேலைக்கு ஆர்டர் வரும் என்று அப்பா ஊரிலேயே கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் படித்து முடித்து, அதே பள்ளியில் ஆசிரியையும் ஆகிவிட்டேன்.

இப்போது தலைவருக்கு எண்பதாம் ஆண்டு மலர் போடுகிறார்கள். அரசியலிலிருந்து கல்விக்கு அவர் வந்த கதையை எழுதும் பொறுப்பு எனக்கு. எழுதுகிறேன், கிழிக்கிறேன். பிள்ளைகள் முன்னால் பொய்யை ஒப்புக்கொண்டவரைக் கும்பிடத் தோன்றுகிறது. அதைச் சுமந்து போக ஒரு சிறுமியை அனுப்பியவர் மேல் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அவரைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன யோக்கியம்?

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தலைவரப் பத்தியா எழுதுற? நம்ம வேலை விஷயத்தையும் ஒரு வரி சேத்துடும்மா. எனக்குத்தான் வயசாயிடுச்சு, தம்பிக்காச்சும் குடுக்கட்டும்."

பேனாவை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் கிழித்துப் போட்டிருந்த தாள்களை அப்பா ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவரு கட்சிக்காரரு, அப்படித்தான் பேசுவாரு" என்றார் கடைசியில். "நீயாச்சும் சொல்லியிருக்கலாமேம்மா."