ஹோக்வாசர் என்றால் வெள்ளம்

பத்து வயதிலேயே எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. ஜெர்மனியில், ஹம் நகரத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்கள் எல்லாம் முதலில் என் கைக்குத்தான் வரும். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, அப்பா அவற்றைப் பிரிக்காமல் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். எந்த நாளில் டெர்மின் என்கிற சந்திப்பு, எந்த அலுவலகத்துக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பம், எந்தத் திகதிக்கு முன் பதில் போடவேண்டும் என்று நான் வாசித்துச் சொல்வேன். தெரியாத சொல் வந்தால், தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஏதாவது சொல்லிவிடுவேன். என் மொழிபெயர்ப்பால் அதுவரை ஒருவரும் சாகவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா என்னைக் காட்டி, "இவதான் எங்கட லோயர்" என்பார். எனக்குப் பெருமை பிடிபடாது.

அந்தக் கோடையில் அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஐந்து நாள் விடுமுறை கிடைத்தது. மாமாவிடம் இரவல் வாங்கிய கூடாரம், ஒரு சின்ன காஸ் அடுப்பு, ஐந்து கிலோ அரிசி, அம்மா வறுத்து அரைத்த கறித்தூள், இவற்றோடு மூன்று ரயில் மாறி வடகடல் கரைக்குப் போனோம். புல் முளைத்த நீண்ட மண் அணை ஒன்று. அதன் மேல் செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அணைக்கு இந்தப் பக்கம் கூடாரங்கள், அந்தப் பக்கம் கடல் என்று சொல்லியிருந்தார்கள். ஏறிப் பார்த்தால் கடலைக் காணவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஈரச் சேறுதான் மினுங்கிக்கொண்டு கிடந்தது. ஐந்து வயதுத் தம்பி, "கடலை ஆர் எடுத்தது?" என்று அழத் தொடங்கினான்.

அப்பா சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் கண்டது குறைவு.

"கடல் வத்திக் கிடக்கு, மேனை. திரும்பி வரும்."

அப்பா மன்னாரில் கடற்கரையில் பிறந்தவர். ஹம்மில், அலுவலகங்களில், கடைகளில், பாடசாலை வாசலில் எல்லாம் அவர் கொஞ்சம் குனிந்தே நிற்பார். இங்கே காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு, வெறுங்காலோடு சேற்றில் நிமிர்ந்து நடந்தார். கால்விரலால் கிண்டியே மட்டிச் சிப்பி எடுக்கத் தெரிந்த ஒருவர் எங்கள் வீட்டுக்குள் இத்தனை வருடம் இருந்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் இரண்டு நாளும் கரையோரம்தான் நின்றோம். காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்தது. அரைவேக்காட்டுச் சோற்றையும் மட்டிக் குழம்பையும் தின்றுவிட்டு, கூடாரத்துக்குள் மண்ணோடு மண்ணாகப் படுத்தோம். அந்த இரண்டு நாளைப்போல் சந்தோஷமாக நாங்கள் பிறகு இருந்தோமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மூன்றாம் நாள், பெரிய மட்டி தூரத்தில்தான் கிடைக்கும் என்று அப்பா சொன்னார். நண்பகல் வேளை, அம்மா கூடாரத்தடியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் நானும் தம்பியும் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு அணைப் படியில் இறங்கினோம். படியடியில் ஒரு பலகை நின்றது. அப்பா பழக்கத்தில் என்னைப் பார்த்தார்.

"இதிலை என்ன எழுதிக் கிடக்கு, பிள்ளை?"

"ஹோக்வாசர் எண்டு போட்டிருக்கு, அப்பா. வெள்ளம் வருமாம். அஞ்சரை மணி எண்டும் கிடக்கு."

நான் பொய் சொல்லவில்லை. ஹம்மில் மழை பிடித்து லிப்பே ஆறு பெருகி, வயல்களுக்குள் தண்ணீர் வரும்போது வானொலியில் சொல்கிற சொல் அதுதான். பாடசாலையில் அதற்குப் படம்கூட வரைந்திருக்கிறோம்.

அப்பா வானத்தைப் பார்த்தார். ஒரு முகில் இல்லை.

"மழை ஒரு துளி இல்லை. பிறகெங்காலை வெள்ளம் வாறது? வெள்ளமென்ன மணி பாத்தோ வரும்?"

மூன்று பேரும் சிரித்துக்கொண்டே நடந்தோம்.

வழியில் ஓர் ஓடை இருந்தது. கணுக்காலளவு தண்ணீர். தம்பி அதில் வேண்டுமென்றே மூன்று தரம் விழுந்தான். அதைத் தாண்டி வெகுதூரம் போனோம். அணைமேல் நின்ற செம்மறிகள் வெள்ளைப் புள்ளிகளாகிவிட்டன. வாளி நிறைய மட்டி. கடல் அப்போதும் எங்களுக்கு முன்னால் தூரத்தில்தான் இருந்தது. அப்பா அதில் ஒரு கண் வைத்திருந்தார். பெருக்கு வந்தால் முன்னாலிருந்து மெல்ல மெல்ல வரும், நடந்தே திரும்பிவிடலாம், அவர் அறிந்த கடல் அப்படித்தான். இந்தக் கடல் ஓடைகளுக்குள்ளால் சுற்றிக்கொண்டு முதுகுப்பக்கமாக வரும் என்று அவருக்கு யார் சொல்வது? சொல்லவேண்டியவள் நான்தான்.

திரும்பி வந்தபோது அந்த ஓடை ஆறாகியிருந்தது. பழுப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. அப்பா இறங்கிப் பார்த்தார். அவருடைய இடுப்புக்கு மேல் வந்தது, கால் ஊன்ற முடியாத இழுவை. கரையேறி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவின் முகம் அப்படி ஆகும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பிறகு தம்பியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"ரெண்டு பேரையும் ஒண்டாய் ஏலாது. நீ இந்த மேட்டிலை நில். தண்ணி காலுக்கு வந்தாலும் அசையாதை."

"வருவியளோ?"

"ஓம். வாறன்."

அவர் போனார். நான் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மணல்மேட்டில் நின்றேன். அக்கரையில் அம்மா சேற்றில் விழுந்தெழும்பி ஓடி வருவது தெரிந்தது. தண்ணீர் என் பாதத்தை மூடியது, பிறகு கணுக்காலை, பிறகு முழங்காலை. ஹோக் என்றால் உயரம். வாசர் என்றால் தண்ணீர். இரண்டும் பாலர் வகுப்பிலேயே படித்த சொற்கள். சேர்த்து வாசிக்கத் தெரியாமல் போயிற்று. கடல் எத்தனை மணிக்கு நிறைந்து உயரும் என்பதைத்தான் அந்தப் பலகை சொல்லியிருந்தது. தண்ணீரை விட, அக்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் என்னை என்ன கேட்பார்களோ என்பதற்கே அதிகம் பயந்தேன். பத்து வயதில் புத்தி அப்படித்தான் வேலை செய்தது.

அப்பா திரும்பி வந்தபோது தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்திருந்தது. வாளியைப் பிடுங்கி எறிந்துவிட்டு என்னை முதுகில் ஏற்றினார். நடு ஓடையில் அவருக்குக் கால் தவறியது. இரண்டு பேரும் மூழ்கினோம். உப்புத் தண்ணீர் மூக்கால் ஏறியது. அப்போதும் அவர் கை என் மணிக்கட்டை விடவில்லை. மேலே வந்தபோது எதிரே ஒரு நீண்ட தடி நீண்டிருந்தது. சேற்றுக்கடலில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்கும் அவ்வூர்ப் பெண் ஒருவர், சிவப்புச் சட்டை போட்டவர், இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைப் பிடித்திருந்தார்.

கரையில் அம்மா என்னையும் தம்பியையும் சேர்த்து அணைத்து, மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கோபத்தில் குரல் நடுங்கியது. எங்களில் ஜெர்மன் பேசுகிறவள் யார் என்று கண்டுபிடித்து, என்னைப் பார்த்தே கேட்டார்: பலகையை ஒருவரும் வாசிக்கவில்லையா? ஹோக்வாசர் எத்தனை மணிக்கென்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே?

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்கவேண்டியது என் உத்தியோகம்.

"குளிருதோ எண்டு கேக்கிறா, அப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் தானே சொன்னார். "இஷ் நிஷ்ட் லேஸன். மைன ஷுல்ட்." நான் வாசிக்கவில்லை, என் பிழை.

அன்று பின்னேரம் கூடாரத்தில் அம்மா விடவில்லை.

"இஞ்சேருங்கோ, பிள்ளை கூடத்தானே வந்தவள்? அவளைக் கொண்டு வாசிப்பிக்கேல்லையோ?"

"இல்லை. நான் கேக்கேல்லை."

அந்த அவசரத்தில் நான் வாசித்ததை அப்பா மறந்துவிட்டார் என்று நம்பினேன். தப்பினோம் என்று நிம்மதியாகத் தூங்கியும்விட்டேன்.

ஹம்முக்குத் திரும்பிய அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. என் தட்டுக்குப் பக்கத்தில் வரவில்லை. அப்பா அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த எதுவும் என்னிடம் வரவில்லை. காலை வேலை முடிந்து வந்து, வாரத்தில் இரண்டு பின்னேரம் ஜெர்மன் வகுப்புக்குப் போகத் தொடங்கினார். மேசையில் உட்கார்ந்தபடியே நித்திரையாகிவிடுவார். ஒருநாள் அவருடைய கொப்பியைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில், முதல் வரியில், தடித்த எழுத்தில் ஹோக்வாசர். பக்கத்தில் தமிழில், ஒன்று வெள்ளம், இரண்டு கடல் பெருக்கு.

அவர் ஒன்றையும் மறக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரேயொரு பிழைக்காக என் உத்தியோகத்தைப் பறித்துவிட்டார், இனி என்னை நம்பமாட்டார் என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நெடுநாள் அவரோடு சரியாகப் பேசவும் இல்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. என்னை அந்த மணல்மேட்டில் தனியே நிற்க விட்டது ஒருதரம் போதும், இனி வீட்டுப் பாரத்தை என் தலையில் வைக்கக்கூடாது என்று அவர் நினைத்திருப்பார். அது எனக்கு அப்போது தெரியவில்லை.