துட்டி சொல்லாதவன்

எங்கள் ஊரின் வரலாற்றை யாராவது எழுதினால் அதில் என் அப்பா ஒரே ஒரு வரியில் வருவார். அதுவும் எழுதுகிறவருக்கு ஞாபகம் இருந்தால். ஊருக்குள் சொந்த நிலத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டில் யாராவது செத்தால், அந்தச் சாவைச் சுற்றுவட்டாரத்துச் சொந்தக்காரர்களுக்கு நடந்துபோய்ச் சொல்கிறவர் அவர். துட்டி சொல்வது என்போம். காலனியில் அது எங்கள் குடும்பத்து வேலை. தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலுக்கு வெளியே நின்று, இன்னார் தவறிவிட்டார் என்று சொல்ல வேண்டும். உள்ளே அழுகை கிளம்பும். அது ஓய்ந்தபின் யாராவது கவனித்தால் மாட்டுத் தொழுவத்தில் ஓர் இலை போடுவார்கள். சம்சாரிகளுக்குப் பட்டா இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, கோயில் குழல்விளக்கில்கூட உபயம் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு இருந்ததெல்லாம் அடுத்தவன் வீட்டுச் சாவுதான்.

இந்த வேலையை நான் செய்ய மாட்டேன் என்று பத்தாவது படிக்கும்போதே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. "நீ செய்யாண்டாம்யா, நான் இருக்கேம்லா" என்றார். அந்தப் பதிலுக்காகவே கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். பிறகு ஓர் ஏஜெண்டைப் பிடித்துத் துபாய்க்கு வந்து, ஜெபல் அலியில் ஒரு கேம்ப்பில் தங்கிக் கம்பி கட்டினேன்.

ஒரு வருடம் நிம்மதியாகப் போனது. அப்புறம் எங்கள் ஊர்ச் சம்சாரி ஒருவர் என் அறைக்கே வந்து சேர்ந்தார். ஆறு ஏக்கர் கரிசல், ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு என்று வாழ்ந்தவர். மழை பொய்த்து, கிணறு வற்றி, மாட்டை விற்று, நான் பிடித்த அதே ஏஜெண்டைப் பிடித்து வந்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே சம்பளம், ஒரே பஸ். சைட்டில் கம்பியின் இந்த முனையை நான் தூக்கினால் அந்த முனையை அவர் தூக்கினார். போர்மேன் எங்கள் இருவரையும் ஒரே இந்திக் கெட்ட வார்த்தையால் திட்டினான். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அறைக்குள் கதை வேறு. எனக்கு மேல்கட்டில், அவருக்குக் கீழ்க்கட்டில். என் கால் அவர் தலைக்கு மேலே இருக்கக் கூடாதாம். வேறு ரூம் கேட்டுக் கேம்ப் பாஸிடம் போனார். "மாஃபி ரூம், பாய்" என்று அவன் கையை விரித்துவிட்டான். கடைசியில் என்னைக் கீழே இறக்கிவிட்டு அவர் மேலே போனார். முழங்கால் வலிக்காரர். டூட்டி முடிந்து வந்து, அம்மா அம்மா என்று முனகிக்கொண்டே அந்த இரும்பு ஏணியில் ஏறுவார். எனக்குச் சிரிப்பு வரும். மெஸ்ஸில் நானும் முறை வைத்துச் சமைக்கிறேன் என்று தெரிந்ததும் தனி அடுப்பு வாங்கிக்கொண்டார். மற்றவர்களிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தார். என்னை "ஏலே" என்றுதான் கூப்பிடுவார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, வேறு மாதிரி என்னைக் கூப்பிடலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு புதன்கிழமை அப்பா என் செல்லுக்குக் கூப்பிட்டார். சம்சாரியின் தகப்பனார் செத்துப்போயிருந்தார். மூத்த மகன் இங்கே இருக்க, கொள்ளி வைத்தது இளைய மகன். அதைத் தன் வாயால் அண்ணனிடம் சொல்ல அவனுக்குப் பயம். அதனால் நேராகக் காலனிக்கு வந்துவிட்டான்.

"சின்னவுக வந்து, ஒம் மகன் அங்கதான இருக்கான், அவன விட்டுப் பக்குவமாச் சொல்லச் சொல்லுங்காக. நானும் சரின்னுட்டேன்யா. ஒரு வார்த்தை சொல்லிரு" என்றார் அப்பா.

கடல் தாண்டி வந்தும் அது என்னைத் தேடிப் பிடித்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நான் சொல்ல மாட்டேன்ப்பா. அவுக தம்பிக்கு வாய் இல்லையா?"

"வாக்குக் குடுத்துட்டேன்யா."

நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் சம்சாரி கடைக்குப் போய் ஒரு கம்பளி வாங்கி வந்தார். யாரோ லீவில் ஊருக்குப் போகிறார்களாம், அப்பாவுக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். அறை நடுவில் அதை விரித்துக் காட்டினார். சந்தோஷத்தில் என்னிடமும் கேட்டார்.

"ஏலே, எங்கப்பாவுக்கு இந்தக் கலரு எடுக்குமா?"

"எடுக்கும். மொகம் வரைக்கும் போத்திக்கிடலாம்" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறி எடுத்துச் சமைத்தார். சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடியும்வரை கறி ஆகாது. அவர் எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சினார். எனக்கு எதிரே உட்கார்ந்துதான் தின்றார். அப்பா தொழுவத்தில் தின்ற அத்தனை இலைக்கும் இது பதில் என்று நினைத்துக்கொண்டேன். ரொம்பச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு வேண்டியது இன்னும் ஒன்றுதான். சாவு அவருக்குத் தெரிய வேண்டும், தெரிந்தே நான் சொல்லாமல் இருந்தேன் என்பதும் தெரிய வேண்டும். அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போன் பண்ணித் தன் அப்பாவை விசாரித்திருக்கிறார். எதையோ சொல்லி மழுப்பிய தம்பிக்கு, இவருக்கு இன்னும் தெரியாது என்பது புரிந்துபோனது. சனிக்கிழமை டூட்டி முடிந்து வந்து நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அப்பா மறுபடி கூப்பிட்டார்.

"போனை அவுககிட்டக் குடு. நானே சொல்லிருதேன். சின்னவுக பக்கத்துல நிக்காக."

மேல்கட்டிலில் இருந்தவரிடம் கொடுத்தேன். அப்பா போனில் எப்போதும் அடுத்த ஊருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். அறை முழுக்கக் கேட்டது.

"சாமி, காலனியிலருந்து பேசுதேன். பெரியவுக தவறிட்டாக, சாமி."

சம்சாரி ஏணியில் சறுக்கி இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"எப்ப?"

"புதங்கெழம விடியக்காலம், சாமி."

"நான் நேத்துக் கறி தின்னேனடா" என்று வயிற்றில் அடித்துக்கொண்டார். தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரித்தார். எதுவும் வரவில்லை. பிறகு போனைப் பார்த்துக் கத்தினார். "ஏண்டா எனக்குச் சொல்லல? எந்தம்பி ஒங்கிட்டச் சொல்லி விடலையா?"

நான் எழுந்து நின்றேன். இதற்காகத்தானே காத்திருந்தேன்.

"சொன்னாக, சாமி. நாந்தான் மறந்துட்டேன். பயகிட்ட நான் சொல்லவே இல்ல. வயசாயிருச்சு சாமி, புத்தி மழுங்கிப் போச்சு."

அப்பா தன் வாழ்நாளில் ஒரு துட்டியையும் மறந்தவர் இல்லை.

சம்சாரி அவரைத் திட்டினார். அவரைப் பெற்றவளைத் திட்டினார், சாதியைச் சொல்லித் திட்டினார். ஒவ்வொன்றுக்கும் என் செல்லிலிருந்து "ஆமா, சாமி" என்று வந்தது. நடுவில் ஒரு தடவை அந்தக் குரல் அறுந்து, கொஞ்சம் கழித்துத் திரும்ப வந்தது. தம்பிக்காரன் அடித்திருக்க வேண்டும்.

நான் போனைப் பிடுங்கி அணைத்தேன்.

"எங்கப்பா மறக்கல. புதங்கெழமயே எங்கிட்டச் சொல்லிட்டாரு. வேணும்னுதான் நான் சொல்லல. நீங்க கறி திங்கிறதப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அழுத முகத்தில் கோபம் தெரியவில்லை. கையை ஊன்றி எழுந்து என் தோளைத் தட்டினார்.

"அப்பன் செஞ்ச தப்ப நீ ஏன்ல தலையில போட்டுக்கிடுத? நல்ல பய நீ."

திரும்பவும் சொன்னேன். கத்திச் சொன்னேன். அறையில் இருந்தவர்கள், "விடுப்பா, துக்கத்துல இருக்காரு" என்று என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவன், இப்படி ஒரு மகன் கிடைக்க உங்கப்பா கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றான்.

இப்போது எங்கள் ஊரில் துட்டிக்கு யாரும் நடப்பதில்லை, அவரவர் செல்லில் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் கிழவன் துட்டி சொல்ல மறந்து மூத்தவர் கறி தின்ற கதையைக் கல்யாண வீட்டில்கூடச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்பா சாகும்வரை அதைக் கேட்டுத் தானும் சிரித்துவைத்தார். அந்தக் கதையின் முடிவில் நானும் வருகிறேன், அப்பனுக்காகப் பழியை ஏற்க வந்த நல்ல பிள்ளையாக.