ருக்மணி டீச்சரின் கை ஆடவில்லை

அந்தப் படம் கெட்டதற்குத் தம் கைதான் காரணம் என்று ருக்மணி டீச்சர் கடைசிவரை நம்பினாரா? எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான். இருபது ஆண்டுகளுக்கு மேல் கேட்காமலே இருந்துவிட்டேன்.

சென்ற ஞாயிறு காலை, அவர் ஃபிஜியில், நகாசியில் தம் தம்பி வீட்டில் காலமான செய்தி நான் இருக்கும் ஆக்லாந்துக்கு வந்தது. எங்களோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் போனில் சொன்னார். "அவங்களப் பத்தி நீதான் எழுதணும். உனக்குத்தான் அவங்கள நல்லா தெரியும்" என்றார்.

சென்னையில் இயற்பியல் படித்துவிட்டு, கணவரின் வேலையை ஒட்டி நான் ஃபிஜிக்கு வந்து சபேட்டோ பள்ளியில் சேர்ந்தபோது, டீச்சர் அங்கே கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நான்காம் தலைமுறை ஃபிஜித் தமிழர். இந்தியோடு கலந்த தமிழை எந்தக் கூச்சமும் இல்லாமல் பேசுவார். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த பின் கனடாவுக்குப் போன அண்ணன் விட்டுச்சென்ற ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா ஒன்று அவரிடம் இருந்தது. அதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. பக்கத்திலுள்ள சிறு ஜன்னலில் இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாக்கித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

இரண்டாயிரத்தில் மறுபடி ஆட்சி கவிழ்ந்ததும் எங்கள் மக்கள் குடும்பம் குடும்பமாக வெளிநாடு கிளம்பினார்கள். அங்கேயே தங்கிவிடும் பெரியவர்களின் முகத்தைப் படமாக எடுத்து வைத்துக்கொள்ள டீச்சரைத்தான் கூப்பிடுவார்கள். அதுவும் புறப்படுவதற்கு முந்தைய நாள்தான். முன்னாலேயே எடுத்தால் விசா தடைபடும் என்று ஒரு பயம். டீச்சருக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் யாரையும் அவர் அவசரப்படுத்தியதில்லை. படம் கழுவி வருவதற்குள் அவர்கள் போயிருப்பார்கள். தபாலில் அனுப்பிவைப்பார்.

காமிராவில் இருந்தது ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். முகம் நிறைய வேண்டுமானால் மிக நெருங்க வேண்டும். "அரே, இதுல எல்லாருக்கும் மூக்குதான் மொதல்ல வருது. மனுசன் பின்னால மெதுவா வர்றான்" என்பார். அந்த டிசம்பரில் நான் சென்னைக்குப் போனபோது ஒன்றே ஒன்று கேட்டார். "ஒரு தொண்ணூறு வாங்கிட்டு வாம்மா. சின்னதா, கனமில்லாம. அது போதும்."

கடையில் தொண்ணூறும் இருந்தது, நூற்று முப்பத்தைந்தும் இருந்தது. நீளமான லென்ஸில் முகம் இன்னும் அழகாக வரும் என்று எங்கோ படித்திருந்தேன். அவரைவிட எனக்குத் தெரியும் என்று நினைத்து, பெரியதையே வாங்கினேன்.

டீச்சர் அதை மாட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஜன்னல்ல ஆளு ஸ்டாம்பு அளவுக்குத் தெரியறாரே! அச்சா, நீ வாங்கினா யோசிச்சுத்தான் வாங்கியிருப்ப." சோதித்துப் பார்க்க ஒரு ஃபிலிம் ரோலை வீணாக்க வேண்டாம் என்று சொன்னவளும் நான்தான்.

முதலில் எடுத்தது முனிசாமி ஐயாவை. மகள் லட்சுமி மறுநாள் குடும்பத்தோடு கனடாவுக்குப் புறப்பட இருந்தார். வெயிலில் ஐயாவுக்குக் கண் கூசியதால் மாமர நிழலில் உட்காரவைத்தோம்.

"எம் மூஞ்சி அந்தக் குளிர்ல போயி என்னா பண்ணப்போவுது?" என்றார் ஐயா.

"ஒங்க மக சமைக்கறப்ப உப்புப் பத்தலன்னு மொறச்சிட்டு இருக்கும்" என்றார் டீச்சர். ஐயா சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் பொத்தானை அழுத்தினார்.

பத்து நாள் கழித்துப் படம் வந்தது. காதோர நரைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். கண்கள் மட்டும் கலங்கியிருந்தன. கை ஆடியிருந்தால் முழுப் படமும் கலங்கியிருக்கும். இது ஃபோகஸ் தவறியது. அந்தச் சின்ன ஜன்னல் காட்டும் துல்லியம் அவ்வளவு நீளமான லென்ஸுக்குப் போதாது. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது.

"எங் கை ஆடிடுச்சு போல" என்று சொல்லி டீச்சர் என்னைப் பார்த்தார்.

"வெளிச்சம் கம்மி, அக்கா" என்றேன்.

அவர் லட்சுமிக்கும் அப்படியே, கை ஆடிவிட்டது என்று எழுதிப் படத்தை அனுப்பினார். திரும்ப எடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. நான்கு மாதத்தில் ஐயா இறந்துபோனார். அதன்பின் டீச்சரை யாரும் அதிகம் கூப்பிடவில்லை. நான் அந்த ஆண்டு முடிவில் நியூஸிலாந்துக்கு வந்துவிட்டேன். தீபாவளிக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புவார். அதில் படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. என் பதிலிலும் இருக்காது.

அக்கா, உங்கள் கை உறுதியான கை. தவறு என்னுடையது. இனி உங்களிடம் சொல்ல முடியாததால் மற்றவர்களிடம் சொல்கிறேன்.

செய்தி வந்த மறுநாள், எண்ணைத் தேடி வாங்கி லட்சுமியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப டீச்சர் கை ஆடலையா?"

"இல்லை."

லட்சுமி சொன்னார்: "நாந்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன், அவங்களுக்குக் கை நிக்கறதில்லன்னு. எங்க சித்தி வீட்டுலயும் அதனாலதான் வேற ஆளக் கூப்பிட்டாங்க. இத நீங்க அவங்க இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமே."

போனை அவர்தான் வைத்தார்.