சர்வீஸா, புதுசா: ஒரு ரெகுலேட்டர் மெக்கானிக்கின் வயித்தெரிச்சல்

பழுது பார்க்கற தொழில்ல இருக்கறவன் ஒரு பொருளை "இனிமே தேறாது"ன்னு சொன்னா, அவன் ஒண்ணு திருடன், இல்லன்னா வேலை தெரியாதவன்னு இந்த ஊர்ல முடிவே கட்டிட்டாங்க. மிக்ஸி ரிப்பேர் பண்றவர், மோட்டாருக்கு காயில் கட்டறவர், செல்போன் கடைக்காரர், எல்லாரும் இதைப் படிச்சிட்டுத் தலையாட்டுவீங்கன்னு தெரியும். உங்களுக்காவது பரவாயில்ல, மிக்ஸி நின்னா சட்னியோட போச்சு. என்கிட்ட வர்ற பொருள் நின்னா ஆளே போய்டுவான்.

ஆம்பூர் பைபாஸ் பக்கத்துல எனக்கு ஒரு சின்னக் கடை. தண்ணிக்குள்ள முங்கறவங்க முதுகுல சிலிண்டர் மாட்டிக்கிட்டுப் போவாங்க இல்ல, அந்த சிலிண்டர் காத்தை அளவா எறக்கி வாய்க்குக் கொண்டு வர்றது ரெகுலேட்டர். அதைப் பிரிச்சு, கழுவி, ரப்பர் மாத்தி, டெஸ்ட் பண்ணித் தர்றதுதான் என் வேலை. தோல் ஃபேக்டரிங்க வாங்கி வெச்சிருக்கற விஷவாயு மாஸ்க் செட்டையும் பார்ப்பேன். "ஆம்பூர்ல கடல் எங்க பாய் இருக்கு?"ன்னு கேக்காத ஆள் பாக்கியில்ல. கடல் இல்லப்பா, கிணறு இருக்கு. கிணத்துல விழுந்த மோட்டாரை எடுக்க எறங்கறவங்க இருக்காங்க.

பளபளப்பு

ஒரு ஃபேக்டரி சூப்பர்வைசர் நாலு மாஸ்க் செட்டைக் கொண்டாந்து டேபிள் மேல அடுக்கினாரு. மறுநாள் வெளிநாட்டுப் பார்ட்டி ஆடிட்டுக்கு வர்றாங்களாம். செட்டு நாலும் கன்னங்கரேல்னு மின்னுது. "புதுசாங்க?"ன்னு கேட்டேன். "பழசுதான் பாய், ஃபினிஷிங்ல குடுத்து ஒரு கோட்டிங் அடிச்சோம்"னாரு பெருமையா. ஷூவுக்குப் போற தோல் மேல அடிக்கற கோட்டிங்கை மூச்சு விடற ஹோஸ் மேல அடிச்சிருக்காங்க! கையில எடுத்து வளைச்சேன். கோட்டிங் பொருக்குப் பொருக்கா உதிர்ந்துச்சு, உள்ள ரப்பர் ஆழமா வெடிச்சுக் கெடக்கு.

எனக்கு வந்துச்சே கோவம்! "யோவ், கழிவுத் தொட்டியில எவனாவது மயங்கி விழுந்தா, அவனைத் தூக்கப் போறவன் இதைத்தானே மாட்டிக்கிட்டு எறங்கணும்? அப்புறம் அந்த ரெண்டு பேரையும் தூக்க எவனை அனுப்புவீங்க?"ன்னு கத்தினேன். நாலையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கச் சொன்னேன். அவருக்கு வேண்டியது "சர்வீஸ் ஆச்சு"ன்னு நான் ஒட்டற ஸ்டிக்கர் மட்டும்தான். ஒட்ட மாட்டேன்னுட்டேன். மனுஷன் கொஞ்சம்கூட சூடாவல. செட்டைப் பக்குவமா பைக்குள்ள வெச்சுக்கிட்டே சொன்னாரு: "ஆடிட்டுக்கு வர்றவன் பார்க்கத்தான் பாய் செய்வான், வளைக்க மாட்டான்."

செல்வம்

அணைக்கட்டு பக்கம் கிணத்துல முங்கி மோட்டார் எடுக்கறவன் செல்வம். அவன் ரெகுலேட்டர் சென்னையில யாரோ கழிச்சுக் கட்டினது. நான் பிரிச்சுப் பார்த்தப்போ உள்ள பித்தளையெல்லாம் பச்சை பூத்துக் கெடந்துச்சு. இந்தப் பக்கம் எத்தனையோ கிணத்துத் தண்ணியில தோல் பதனிடற உப்பு, அது எதைத்தான் விட்டுவெக்கும்? போதாக்குறைக்கு டயாஃப்ரம்ல ஓட்டை. டயாஃப்ரம்ங்கறது வாய்ல கடிக்கற பாகத்துக்குள்ள இருக்கற ஒரு வட்ட ரப்பர். இந்தப் பக்கம் மூச்சு, அந்தப் பக்கம் தண்ணி, நடுவுல தடுப்புன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அந்த மாடலைக் கம்பெனிக்காரனே நிறுத்திட்டான், ரப்பர் எங்க தேடினாலும் கெடைக்காது.

"இதைத் தூக்கிப் போடு, புதுசு வாங்கு"ன்னேன். "இந்த ஒரே ஒரு வாட்டி ஒப்பேத்திக் குடுங்க பாய்"னு நின்னான். ஒரு மணி நேரம் அதையேதான் சொன்னான். பொறுமை போய்டுச்சு. "நீ செத்துட்டு நிம்மதியாப் போய்டுவே, உன் பொண்டாட்டி என் கடை வாசல்ல வந்து நிப்பா. எடுத்துக்கிட்டுப் போடா!"ன்னு ரெகுலேட்டரை அவன் கையில திணிச்சேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்னு அப்பவே உறுத்துச்சு. ஆனா வேலைய ஒழுங்கா செஞ்சுட்டதா ஒரு திமிரும் இருந்துச்சு. அவன் ரெகுலேட்டரைத் துண்டால தொடைச்சு மடியில வெச்சுக்கிட்டு, "இது இதுவரைக்கும் என்னைக் கைவிட்டதில்ல பாய், நீங்கதான் கைவிடறீங்க"ன்னான்.

ஷோகேஸ்

அதே வாரம் ஒரு முதலாளி பையன் கார்ல வந்தான். அந்தமான்ல ரெண்டு தடவை முங்கியிருக்கான். அவன் ரெகுலேட்டர் தங்கம் மாதிரி இருக்கு, காத்து துளிகூடக் கசியல. வருஷத்துக்கு ஒரு சர்வீஸ் பண்ணா இன்னும் எத்தனையோ காலம் ஓடும். இல்லவே இல்ல, புது மாடல் வந்துடுச்சாம், மாத்தியே ஆகணுமாம். செத்ததை ஒருத்தன் கட்டிக்கிட்டு அழறான், உயிரோட இருக்கறதை இன்னொருத்தன் குழி தோண்டிப் புதைக்கறான். எனக்குப் பேஜாராப் போச்சு.

செல்வத்தை நெனைச்சுக்கிட்டு, மானத்தை விட்டு வாய் தொறந்து கேட்டேன். "தம்பி, புதுசுதான் வரப் போவுதே, இந்தப் பழசை ஒரு கிணத்துக்காரருக்குக் குடுப்பியா? அவர் பொழப்பே இதுலதான் ஓடுது." நல்ல பையன்தான், மரியாதை தெரிஞ்சவன். நெஜமாவே கொஞ்ச நேரம் யோசிச்சான். அப்புறம் சொன்னான்: "இல்ல அங்கிள், இதை ஹால் ஷோகேஸ்ல வெக்கப் போறேன், லுக்கா இருக்கும்."

பாயிண்ட் ஆறு

ஒரு மாசம் ஆச்சு. கழுத்துல ஷூ ஃபேக்டரி ஐடி கார்டோட ஒரு பொம்பளை கடை வாசல்ல வந்து நின்னா. "செல்வம் வீட்டுக்காரி"ன்னு சொன்னா. நான் சொன்ன வார்த்தை அப்படியே எதிர்ல வந்து நிக்குதே! என் மூஞ்சியைப் பார்த்துட்டு அவளே, "உயிரோடதான் பாய் இருக்காரு, ஆஸ்பத்திரியில"ன்னா. நாப்பதடி ஆழத்துல காத்துக்குப் பதிலா தண்ணி வந்திருக்கு. மேல கயிறு புடிச்சிருந்த ஆள் இழுத்துப் போட்டதால பொழைச்சான். நுரையீரல்ல தண்ணியாம்.

பையிலிருந்து ரெகுலேட்டரை எடுத்து வெச்சா. பிரிச்சேன். ரப்பர் இருக்க வேண்டிய எடத்துல ஆட்டுத்தோல்! ஷூவுக்கு உள்பக்கம் தெக்கற லைனிங் தோல். காம்பஸ் வெச்ச மாதிரி வட்டம், ஓரம் சீராச் சீவியிருக்கு. வெட்டினது சாதாரண கை இல்ல. ஆனா தண்ணியில ஊறி, பழைய காலுறை கணக்கா தொளதொளன்னு தொங்குது, ஓரமெல்லாம் வழி விட்டிருக்கு. "எந்த அறிவுகெட்டவன் இதை வெட்டினான்?"னு கத்திட்டேன்.

"நான்தான்"னா. ஃபேக்டரியில தோலைச் சீவி மெலிசாக்கற செக்‌ஷன்ல இருக்காளாம். நான் தொரத்தின அன்னிக்கு அவன் சோறு திங்காம உக்காந்திருந்தானாம். ஓட்டை ரப்பரை அளவு வெச்சு, நல்ல பீஸாப் பார்த்து எடுத்து, அவளே வெட்டியிருக்கா. வீட்ல வாய்ல வெச்சு இழுத்துப் பார்த்தப்போ காத்து ஜோரா வந்துச்சாம். ஊறிப்போன அந்தத் தோலை ரெண்டு விரல்ல புடிச்சு, தடிமன் பார்த்துக்கிட்டே என்னைக் கேட்டா: "பாயிண்ட் ஆறு மில்லிமீட்டர் ஜாஸ்தியா பாய்? பாயிண்ட் நாலுக்கு எறக்கியிருக்கணுமா?"

சுத்தியல்

அவ மேல கோவப்பட முடியல. சூப்பர்வைசர் மேல பட்டேன், ஷோகேஸ் பையன் மேல பட்டேன், மாடலை நிறுத்தின கம்பெனிக்காரன் மேல பட்டேன். எவனைத் திட்டியும் ஆத்திரம் அடங்கல. அவ சொன்னா, "ரப்பர் எங்கயாவது கெடைக்குமான்னு கட்டில்ல படுத்துக்கிட்டே கேக்கறாரு பாய். எழுந்ததும் எறங்கிடுவாரு. நீங்களே சொல்லுங்க, சர்வீஸா, புதுசா?"

ரெகுலேட்டரை இரும்புக் கட்டை மேல வெச்சு, சுத்தியலால ஓங்கி அடிச்சேன். பித்தளை லேசுல ஒடையுமா? அஞ்சாவது அடியிலதான் பொளந்துச்சு. ஸ்ப்ரிங் பறந்து போய் செவுத்துல மோதுச்சு. ஒரு கழுதையாலும் இனிமே அதை ஒப்பேத்த முடியாது. அவ தடுக்கல, அழல. கீழ கெடந்த ஸ்ப்ரிங்கைக் குனிஞ்சு எடுத்து டேபிள் மேல வெச்சுட்டு என்னைப் பார்த்தா. "இதை அன்னிக்கே பண்ணியிருக்கலாமே பாய்."

இப்பல்லாம் சர்வீஸா புதுசான்னு எவன் வந்து நின்னாலும் நான் கத்தறதில்ல, சுத்தியலை எடுத்து டேபிள் மேல வெச்சுட்டுத்தான் பொருளைக் கையில வாங்கறேன்.