எல்லம்மாள் நின்ற இடங்கள்

கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதை நாவலம்பேட்டை இரண்டாக வகுந்துகொண்டு போகிறது. கிழக்கே ஊரும், அதைத் தாண்டிக் கடலோரக் குப்பங்களும். மேற்கே கழனி, ஏரி, பெரியபாளையத்துக்குப் போகும் வண்டிப்பாதை. வண்டிப்பாதையும் தண்டவாளமும் குறுக்கிட்ட இடத்தில் 1976 வரை கேட் கிடையாது. ஒரு பலகை மட்டும் இருந்தது. நின்று, பார்த்து, பிறகு கடக்கச் சொன்னது அந்தப் பலகை. படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நடந்து போனார்கள். வண்டி ஓட்டியவர்களுக்குப் படிக்கத் தெரியாது. அவர்கள் பலகைக்குப் பதிலாக எல்லம்மாளைப் பார்த்தார்கள்.

எல்லம்மாள் 1929-இல் பஞ்செட்டியில் பிறந்தவள். பதினேழு வயதில் நாவலம்பேட்டு கோபாலைக் கட்டிக்கொண்டு வந்தாள். தண்டவாளத்துக்கு மேற்கே, பாதையை ஒட்டி, அவனுக்கு நாற்பது சென்ட் நஞ்சை இருந்தது. 1963 கார்த்திகையில் ஒன்பது நாள் காய்ச்சலில் அவன் போய்விட்டான். ஒரே மகள் ஆரணியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அதன் பிறகு நாற்றுவிடுவது, களையெடுப்பது, அறுப்பது எல்லாம் எல்லம்மாள் ஒருத்திதான்.

ரயில் வருவது அவளுக்குக் காதில் விழுவதற்கு முன்னால் கண்ணில் தெரியும். கழனியில் தேங்கிய தண்ணீர் நடுங்கும். அதைப் பார்த்ததும் வரப்பேறிப் பாதைக்கு ஓடி, இரண்டு கையையும் விரித்து நின்றுகொள்வாள். வண்டிக்காரர்களில் பாதிப் பேர் திட்டிவிட்டு நின்றார்கள். மீதிப் பேர் நின்றுவிட்டுத் திட்டினார்கள். ரயில் போன பிறகு இரண்டு தரப்பும் மாட்டைத் தட்டிக்கொண்டு போனார்கள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. இப்படி இரண்டு வருடம் போயிற்று.

1966 மார்ச் 14-ஆம் தேதி நாவலம்பேடு ஊராட்சி மன்றம் அவளைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டது. மாதம் பதினைந்து ரூபாய் படியில், வண்டிகளை எச்சரிக்கும் வேலை. ஊராட்சித் தலைவர் சுப்பிரமணி தானே கழனிக்கு வந்து தகவல் சொன்னார். அன்று முழுக்க எல்லம்மாள் நேராக நிமிர்ந்து நடந்தாள். கூலி வேலை அவளுக்குப் புதிதல்ல. ஊர் கூடி அவள் பேரைச் சொல்லி ஓர் இடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த மாதமே ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் எல்லைக்கல் நட்டிருக்கிறது. கல்லுக்கு உள்ளே இருப்பது மத்திய அரசின் இடம். அங்கே ஊராட்சி ஆள் போட முடியாது. சுப்பிரமணி டேப்பு எடுத்து வந்து அளந்து பார்த்தார்.

"எல்லம்மா, நீ ஏழடி மத்திய சர்க்காருக்குள்ள நிக்கற."

"நான் எங்க நின்னா இன்னா தலைவரே, ரயிலு அங்கதான வருது."

"ரயிலு அவங்களுது. ரோடு நம்மளுது. கல்லுக்கு இந்தாண்ட வந்துடு."

"இந்தாண்ட வந்தா வடக்க வளைவு தெரியாது."

"எட்டிப் பாரு. எட்டிப் பாக்கக்கூடாதுன்னு அவங்க எழுதல."

அவள் கல்லுக்கு வெளியே வந்து நின்றாள். ஆறு வருடம் அங்கிருந்தே எட்டிப் பார்த்தாள். 1969-இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனபோது ஊராட்சிப் பலகையைப் பெயிண்டர் மாற்றி எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்று பார்த்த எல்லம்மாள், "நம்ம ஊரு பேரு மாறலியே?" என்று கேட்டாள். மாறவில்லை என்றான். "அப்ப சரி" என்று வேலைக்குப் போனாள்.

அவள் வேலையில் கடினமான காலம் ஆடி மாதம். கிழக்கே குப்பங்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் சனிக்கிழமை வண்டி கட்டிப் போவார்கள். ஞாயிறு அங்கே வேப்பிலை உடுத்தி, பொங்கல் வைத்து, திங்கள் காலையில் திரும்புவார்கள். ஓர் ஊர் வண்டியெல்லாம் ஒரே சரமாக வரும். கடைசி வண்டியில் பம்பைக்காரர் உட்கார்ந்து அடித்துக்கொண்டே வருவார். பின்னால் பம்பை கேட்கிற வரைக்கும் எல்லா வண்டியும் வருகிறது என்று அர்த்தம். பம்பை நின்றால் எங்கோ அச்சு முறிந்தது, அல்லது யாரோ விழுந்துவிட்டார்கள். உடனே முதல் வண்டி நிற்கும். மற்ற மாடுகளும் தாமாகவே நிற்கும். வேண்டுதலுக்குச் சேர்ந்து போன கூட்டத்தில் ஒருவரை விட்டுவிட்டு ஊர் திரும்பக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஆகையால் எல்லம்மாள் சரத்தை நடுவில் மறிப்பதே இல்லை. முதல் வண்டியை மட்டும் மறிப்பாள். இல்லையென்றால் முழுச்சரத்தையும் விடுவாள்.

1972-இல் தண்டவாளத்துக்கு மேற்கே தொழிற்சாலைகளுக்காக நிலம் அளந்தார்கள். லாரிகள் வர ஆரம்பித்தன. ஊராட்சியின் வண்டிப்பாதையை மாநில நெடுஞ்சாலைத் துறை எடுத்துக்கொண்டு தார் போட்டது. பாதை ஊராட்சிக்கு இல்லை என்று ஆன பிறகு அதில் நிற்கும் ஆளும் ஊராட்சிக்கு இல்லை. ஜூலை மாதத்தோடு படி நின்றது. ஓவர்சியர் ஒருவர் வந்து, சாலையில் தனியார் யாரும் நிற்கக்கூடாது என்றார். எல்லம்மாள் நான்கடி நகர்ந்து தன் வரப்பில் ஏறி நின்றாள்.

"இது யார் இடம்?" என்று கேட்டார் ஓவர்சியர்.

"என் ஊட்டுக்காரரு இடம். அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு."

ஓவர்சியர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். படி இல்லாமலே அவள் நின்றாள்.

1974-இல் கேட் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. செலவில் பாதி மாநிலம், பாதி ரயில்வே. இந்தக் கேட் வேலை எல்லம்மாளுக்குத்தான் என்று ஊரே பேசியது. சுப்பிரமணி மூன்று மனு எழுதினார். மூன்றுக்கும் பதில் வந்தது. கேட் ரயில்வேயினுடையது, நியமனத்தில் தலையிட இயலாது என்றது மாநிலம். நியமனத்துக்கு வயது வரம்பும் பள்ளிச் சான்றும் உண்டு என்றது ரயில்வே. மனு மேலிடத்துக்கு அனுப்பப்பட்டது என்றது ஒன்றியம். எல்லம்மாளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. பதில்களைச் சுப்பிரமணி படித்துக் காட்டினார். அவள் மூன்றையும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். 1976 ஜனவரி கடைசியில் மாநிலத்தில் ஜனாதிபதி ஆட்சி வந்தது. இன்னொரு மனு போடலாமா என்று அவள் கேட்டாள்.

"இப்ப மந்திரியே இல்ல எல்லம்மா. யாருக்குன்னு எழுதறது?"

அந்த மே மாதம் கேட் வந்தது. கூடவே கேட்மேன் தானியேலும் அவன் மனைவி சாராளும் வந்து சேர்ந்தார்கள். அரக்கோணத்துக்காரன், முப்பத்திரண்டு வயது. சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஸ்டேஷனோடு பேச ஒரு போன், நேரம் எழுத ஒரு புத்தகம் எல்லாம் அவனிடம் இருந்தன. கெட்டவன் இல்லை. முதல் வாரமே கல்லுக்கு உள்ளே வந்த எல்லம்மாளிடம், "யக்கா, வெளியாள் உள்ள வரக்கூடாது. ஆர்டர் அப்படி" என்று தணிந்த குரலில்தான் சொன்னான்.

"நீ பாரு தம்பி. இனிமே நான் இன்னாத்துக்கு" என்று அவள் திரும்பிவிட்டாள்.

கழனியில் குனிந்து வேலை செய்தாள். தண்ணீர் நடுங்கும்போது உடம்பு தானாக நிமிரும். கேட் இறங்கும் சத்தம் கேட்டதும் மறுபடி குனிந்துகொள்வாள். பன்னிரண்டு வருடம் செய்த வேலையை அவள் கையிலிருந்து யாரும் பிடுங்கவில்லை; அது வேறு வழியாகப் போய்விட்டது, அவ்வளவுதான். ஒருநாள் மகள் வந்து, ஆரணிக்கே வந்துவிடு என்று கூப்பிட்டாள். ஆடி முடியட்டும் என்றாள் எல்லம்மாள்.

1976 ஜூலை 26, திங்கட்கிழமை. ஆடியின் இரண்டாவது ஞாயிறு கழிந்த மறுநாள். மேற்கிலிருந்து பதினேழு வண்டி ஒரே சரமாக வந்தது. கடைசி வண்டியில் பம்பைக்காரர் லோகநாதன். ஒன்பது வண்டி தண்டவாளத்தைத் தாண்டியபோது போன் அடித்தது. மணி ஒன்பது நாற்பது. பம்பைச் சத்தத்தில் தானியேலுக்கு எதிர்முனை கேட்கவில்லை. கேட் அறை ஜன்னல் வழியே தலையை நீட்டி, கடைசி வண்டியைப் பார்த்து, "யோவ், கொஞ்சம் நிறுத்துய்யா, காது கேக்கல" என்று கத்தினான்.

லோகநாதன் நிறுத்தினார்.

கும்மிடிப்பூண்டியை விட்டு ரயில் கிளம்பிவிட்டது என்ற செய்தியைக் கேட்டுக்கொண்டு தானியேல் வெளியே வந்தான். பதினேழு வண்டியும் நின்றிருந்தன. பத்தாவது வண்டி தண்டவாளத்தின் மேல் நின்றது. அதில் நான்கு பெண்களும் ஐந்து குழந்தைகளும் இருந்தார்கள்.

"போ, போ" என்று கொடியை ஆட்டினான். முன்னால் ஒன்பது வண்டி அடைத்துக்கொண்டிருக்க, பத்தாவது எங்கே போகும்? முதல் வண்டிக்காரன் இருநூறு அடிக்கு அப்பால் இறங்கி நின்று, பின்னால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தானியேல் முன்வண்டியிடம் ஓடுவதா, ரயிலுக்குக் கொடி காட்ட வடக்கே ஓடுவதா என்று ஒரு கணம் தடுமாறிவிட்டு, சிவப்புக் கொடியோடு வடக்கே ஓடினான்.

எல்லம்மாள் கழனியில் நிமிர்ந்தாள். தண்ணீர் நடுங்கியது; கேட் இறங்கவில்லை; பம்பையும் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரப்பில் ஓடிக் கடைசி வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"லோகநாதா, அடி. அடிச்சிக்கினே இரு."

"கேட்காரருதான் நிறுத்தச் சொன்னாரு."

"நான் சொல்றேன், அடி."

லோகநாதன் அவளைப் பத்து வருடமாக அந்த இடத்தில் பார்த்தவர். குச்சியை எடுத்தார். பம்பை கேட்டதும் முதல் வண்டிக்காரன் ஏறி உட்கார்ந்து மாட்டைத் தட்டினான். சரம் ஒவ்வொன்றாக அசைந்தது. பத்தாவது வண்டி தண்டவாளத்தை விட்டு இறங்கியது. பதினொன்றாவது வண்டி மாட்டின் மூக்கணாங்கயிற்றை எல்லம்மாள் ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்தினாள். அவள் நின்றது எல்லைக்கல்லுக்கு உள்ளே. தானியேலின் கொடியைக் கண்டு வேகம் குறைத்த ரயில், ஒன்பது நாற்பத்தேழுக்கு மெதுவாகக் கடந்து போனது. எஞ்சின் டிரைவர் எட்டிப் பார்த்து ஏதோ திட்டினார்.

வண்டிகளெல்லாம் போன பிறகு தானியேல் கேட் அறைப் படியில் உட்கார்ந்துவிட்டான். சாராள் மோர் கொண்டு வந்து முதலில் எல்லம்மாளுக்குக் கொடுத்தாள்.

"பம்பைக்கும் வண்டிக்கும் இப்படி ஒரு கணக்குன்னு எனுக்குத் தெரியாதுக்கா" என்றான் தானியேல்.

"உனுக்கு எப்படித் தெரியும். உன் புக்குல அது எழுதியிருக்காதே."

"ஒம்போது கொழந்தைங்க இருந்திருக்கும் அந்த வண்டில."

"அஞ்சு. நாலு பொம்பளைங்க. மோரு குடி தம்பி."

அன்று அவன் நேரப் புத்தகத்தில் நடந்ததை மறைக்காமல் எழுதினான். பம்பையை நிறுத்தச் சொன்னது தான்தான் என்பதையும் எழுதினான். மேலிடத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. ஆடியில் தொடங்கும் பத்து வாரத் திருவிழாவுக்கு உதவியாளாக எல்லம்மாளை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டும் எழுதியிருந்தான். அதற்கு மாநிலத்தைக் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. மாநிலம் ஊராட்சியைக் கேட்கச் சொன்னது. சுப்பிரமணி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாதையும் தண்டவாளமும் தம்மிடம் இல்லாததால், அனுமதி தரவும் மறுக்கவும் தமக்கு அதிகாரம் இல்லை என்று பதில் எழுதினார். தானியேல் அதில் 'மறுக்கவும்' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டான்.

ஆனால் அந்தக் கடிதங்கள் வருவதற்கு முன்பே, அடுத்த திங்கட்கிழமை, ஆகஸ்ட் 2-ஆம் தேதி, காலை எட்டு மணிக்கு அவன் எல்லம்மாளின் கழனிக்கு வந்து வரப்பில் நின்றான்.

"யக்கா, வா."

"எங்க?"

"கேட்டாண்ட. நாஷ்டா அங்கதான். சாராள் இட்லி வச்சிருக்கா."

"அது உங்க எடம் தம்பி. எதனா பேஜாராயிடும்."

"பேஜாரானா நான் பாத்துக்கறேன். நீ வண்டியப் பாத்துக்க."

அவள் சேற்றுக் காலை வாய்க்காலில் கழுவிக்கொண்டு வந்தாள். ஒன்பதரைக்கு மேற்கே புழுதி தெரிந்தது. அவள் புருவத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"இருபத்திமூணு வண்டி. ஆனா ரெண்டு ஊரு. நடுவுல ஒரு பம்பை கேக்குது பாரு, அதோட ஒரு ஊரு முடியுது. அங்க மறிச்சா முன்னால போறவன் எவனும் நிக்கமாட்டான், ஏன்னு எவனும் கேக்கமாட்டான்."

போன் அடித்தது. தானியேல் எடுத்துக் கேட்டுவிட்டு, பதினோரு வண்டி தாண்டியதும் கேட் போடுகிறேன் என்றான். யார் எண்ணிச் சொல்கிறார்கள் என்று எதிர்முனையில் கேட்டிருக்க வேண்டும்.

"நம்ம ஆளுதான் சார்" என்றான்.

எல்லம்மாள் அதைக் கேட்கவில்லை. அவள் பாதை நடுவே போய், இரண்டாவது ஊரின் முதல் வண்டிக்கு இரண்டு கையையும் விரித்துக்கொண்டிருந்தாள். வண்டிக்காரன் முதலில் நின்றான். பிறகு, பல வருடப் பழக்கத்தில், திட்டினான். அந்த ஆடி முடிந்தும் அவள் ஆரணிக்குப் போகவில்லை. அடுத்த ஆடி முடிந்தும் போகவில்லை.