லூடிங் அக்காவும் உடற்கல்வி இரண்டும்

லூடிவினா சோப்ரெவேகா, எங்களுக்கு லூடிங் அக்கா, யாரையும் நம்ப மாட்டாள். இதை நான் புறம் பேசுவதாக நினைக்க வேண்டாம், அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். எங்கள் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் இருபத்தேழு வருடமாக அவள் பார்க்கிற வேலை, பட்டம் வாங்கப் போகிற ஒவ்வொருவரும் எல்லாப் பாடத்தையும் முடித்திருக்கிறார்களா என்று சரிபார்ப்பது. அதில் பதினாறு வருடம் நான் அவளுக்கு எதிர் மேசை. இன்றைக்கும் நான் காப்பி குடிக்க எழுந்து போனால், திரும்பி வரும்வரை என் மேசையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பாள். "என் மேல என்னக்கா சந்தேகம்?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். "உன் மேல இல்லடி, உன் மேசை மேல" என்றாள்.

எங்கள் ஊரில் எந்தப் பட்டம் படித்தாலும் பொதுப் பாடங்களைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பாலம் கட்டப் போகிறவனும் ஒழுக்கவியல் படிக்க வேண்டும், கணக்கு எழுதப் போகிறவளும் கலையை ரசிக்கக் கற்க வேண்டும், நாட்டு விடுதலைக்கு உயிர் கொடுத்த ரிசாலின் வாழ்க்கையை எல்லோரும் படித்தாக வேண்டும், அது சட்டம். இவை போக உடற்கல்வி நான்கு பருவம். அதில் இரண்டாவது, நாட்டுப்புற நடனம். பிள்ளைகள் இவற்றைச் சில்லறைப் பாடம் என்பார்கள். பெரிய பாடங்களில் விழுந்து எழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசி வருடத்தில் சில்லறைப் பாடத்தில் மாட்டிக்கொண்டு எங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அழுதவர்கள் அதைவிட அதிகம். அவர்களில் முக்கால்வாசிப் பேரை அழ வைத்தது லூடிங் அக்கா.

வேறு கல்லூரியிலிருந்து வந்த மதிப்பெண் தாள் என்றால் அவளுக்குத் திருவிழா. வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். முத்திரையை விரலால் தடவுவாள். முகர்ந்துகூடப் பார்ப்பாள். புது மை வாசம் தனக்குத் தெரியும் என்பாள். இப்படி இரண்டு போலித் தாள்களைப் பிடித்தும் இருக்கிறாள். அதனால் யாரும் வாயைத் திறக்க முடியாது.

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. அவளுக்கு இருபத்தொன்பது வயதில் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை துறைமுகத்தில் குமாஸ்தா, வாரா வாரம் ரொட்டியும் பூவும் வாங்கி வருகிற மனுஷன். கல்யாண உடைகூடத் தைத்தாயிற்று. எல்லாம் சரியாக இருப்பதுதான் அக்காவுக்கு உறுத்தியிருக்கிறது. ஒரு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அவன் சொந்த ஊர் தேவாலயத்துக்குப் போய், கல்யாணப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். பாதிரியார் பக்கத்தைப் புரட்டினார். அவன் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரும் இருந்தது, ஆறு வருடத்துக்கு முந்தைய தேதியோடு. அக்கா அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, திங்கட்கிழமை சரியான நேரத்துக்கு வேலைக்கு வந்தாள். அப்புறம் அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இதைக் கேட்ட பிறகு அவள் என் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போன வருடம் மே மாதம் ஜெஸ்மார் கல்யாசா வந்தான். முப்பத்தாறு வயது, குட்டையான ஆள், வெயிலில் கறுத்த முகம். இளம் வயதில் ஒரு கப்பல் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவன். புயலில் அந்தக் கல்லூரி கூரையோடு போய், திரும்பத் திறக்கவே இல்லை. அப்புறம் பத்து வருடம் படகில் வேலை. அதன் பிறகு எங்களிடம் சேர்ந்து ஆசிரியர் பட்டத்துக்குப் படித்தான். பழைய கல்லூரியில் முடித்த பொதுப் பாடங்களை, பிறகு சரிபார்ப்பதாகச் சொல்லித் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டிருந்தோம். அந்தப் 'பிறகு' இப்போது வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் பட்டம் வாங்குகிறவர்களின் பட்டியல் ஒப்புதலுக்கு மேலே போகும். அதில் பெயர் இருந்தால் இந்த வருடமே ஆசிரியர் தேர்வு எழுதலாம். அவன் சொந்தத் தீவிலிருக்கும் பள்ளியில் ஓர் ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. அதை அவனுக்காக அடுத்த வருடத் தேர்வு வரை யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

அக்கா அவன் தாளை வெளிச்சத்தில் தூக்கினாள். அப்படியே நிறுத்தினாள்.

"இங்க வாடி" என்று என்னைக் கூப்பிட்டாள். "எல்லா வரியும் ஒரு தட்டச்சு. உடற்கல்வி இரண்டு மட்டும் வேற எழுத்து. கொஞ்சம் கீழ இறங்கியும் இருக்கு. பாரு."

பார்த்தேன். இருந்தது.

"மேடம், நடன விழா கடைசில நடந்துச்சு. அந்த மார்க் மட்டும் அப்புறமா வந்து ஏத்துனாங்க" என்றான் ஜெஸ்மார் ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

"அப்படித்தான் சொல்வே."

"சத்தியமா மேடம்."

"சத்தியத்தை நான் எந்தக் கோப்புல வைக்கட்டும்?"

மூடிப்போன கல்லூரிகளின் ஏடுகளை வைத்திருக்கிற அரசாங்க அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டோம். அந்தக் கல்லூரியின் ஏடுகள் எதுவும் தங்களிடம் ஒப்படைக்கப்படவில்லை என்று பதில் வந்தது. மறுநாள் ஜெஸ்மார் ஒரு பொட்டலம் கணவாய்க் கருவாட்டோடு வந்து நின்றான். பாவம், எங்கள் பக்கத்தில் வெறுங்கையோடு யாரும் யாரையும் பார்க்கப் போக மாட்டார்கள். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"இது எதுக்கு?"

"சும்மா மேடம், எங்க தீவுல காய வெச்சது."

"சும்மா யாரும் எதுவும் கொண்டு வர மாட்டாங்க. எடுத்துட்டுப் போ. இப்ப எனக்கு உன் மேல இன்னும் ரெண்டு சந்தேகம் கூடிப்போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. "கருவாட்டுலகூடவா அக்கா போலி முத்திரை?" என்றேன். அவள் குறைப் படிவத்தை எடுத்து, உடற்கல்வி இரண்டு என்று சிவப்பு மையில் எழுதினாள். அந்தப் படிவம் கையில் வந்தால் ஒரு பருவம் கூடுதலாகப் படிக்க வேண்டும். இந்த வருடத் தேர்வு தப்பிவிடும், ஜெஸ்மாரின் வேலையும் போய்விடும். அவன் படிவத்தை வாங்கவில்லை. ஜன்னல் திட்டில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றான்.

"பரீட்சை வைங்க மேடம். விதியில இருக்குல்ல? பழைய பாடம் தெரியுமான்னு பரீட்சை வெச்சுப் பாக்கலாம்னு இருக்குல்ல? நான் ஆடிக் காட்டுறேன்."

விதியில் இருந்தது. விதி என்றால் அக்கா கட்டுப்பட்டவள். உடற்கல்வித் துறைக்கு ஆள் அனுப்பினோம். த்ரிக்ஸி என்கிற சின்ன வயது ஆசிரியை விசில் தொங்கும் கழுத்தோடு வந்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. விளையாட்டு அரங்கில் பட்டமளிப்பு ஒத்திகை நடந்ததால் எங்கள் அலுவலகத்திலேயே நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினோம். ஜன்னல் முழுக்க மாணவர்கள் முகம்.

த்ரிக்ஸி கைபேசியில் கரின்யோசா மெட்டைப் போட்டாள். ஆணும் பெண்ணும் விசிறியும் கைக்குட்டையும் வைத்துக்கொண்டு, ஒளிந்து எட்டிப் பார்த்துக் காதலிக்கிற ஆட்டம். எங்கள் நாட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் எல்லோருக்கும் அந்த மெட்டு தெரியும்.

ஜெஸ்மார் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றான். பிறகு அவனுடைய வலது கை தானாக இறங்கி, பேன்ட்டின் பக்கத்துத் துணியை இரண்டு விரலால் பிடித்தது. பாவாடையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு, மூன்று மூன்றாக அடி வைத்தான். என் மேசையிலிருந்த அட்டையை விசிறியாக எடுத்து முகத்தை மறைத்தான். வெட்கப்பட்டு எட்டிப் பார்த்தான்.

ஜன்னலில் ஒரே சிரிப்பு. "அழகி! அழகி!" என்று ஒருவன் கத்தினான். "அண்ணே, உன்னை நான்தான் முதல்ல பொண்ணு கேப்பேன்!" என்றான் இன்னொருவன்.

த்ரிக்ஸியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மெட்டை நிறுத்தினாள். "சார், நீங்க ஆடினது பொண்ணோட ஆட்டம். ஆம்பளை இடுப்புல கை வெச்சுத்தான் ஆடணும். நேத்து ராத்திரி வீடியோ பாத்திருக்கீங்க, அவசரத்துல பொண்ணைப் பாத்துப் படிச்சிட்டீங்க. இல்லையா? மன்னிச்சுக்குங்க, நான் பாஸ் போட முடியாது."

ஜெஸ்மாரின் முகம் செத்துவிட்டது. அட்டையை என் மேசையில் திரும்ப வைத்தான். நான் லூடிங் அக்காவைப் பார்த்தேன். அவள் சொன்னது பலித்துவிட்டது, இனி இந்தக் கதையைப் பத்து வருடம் சொல்லுவாள் என்று எனக்கு எரிச்சல். ஆனால் அவள் சிரிக்கவில்லை. அவனுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் இன்னும் பேன்ட் துணியை விடாமல் பிடித்திருந்தன.

"அந்தக் காலேஜ்ல உங்க வகுப்புல எத்தனை பேரு?" என்றாள்.

"நாப்பது பேர் மேடம்."

"பொண்ணுங்க?"

"பொண்ணே கிடையாது மேடம். கப்பல் காலேஜ். உயரமா இருந்த இருபது பேர் ஆம்பளை, குட்டையா இருந்த இருபது பேர் பொண்ணு. வாத்தியார் வரிசையில நிறுத்திப் பிரிச்சாரு."

அக்கா செருப்பைக் கழற்றினாள். நான் பதறிப்போனேன். "என்னக்கா பண்றீங்க?"

"பேசாம இரு. நான் படிச்சது கன்னியாஸ்திரீங்க காலேஜ். அங்க ஆம்பளையே கிடையாது. நான்தான் வகுப்புலேயே உயரம்." த்ரிக்ஸியைப் பார்த்தாள். "பாட்டைப் போடு."

ஐம்பத்து மூன்று வயது லூடிவினா சோப்ரெவேகா, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, ஆண் அடி வைத்து அவனுக்கு எதிரே வந்தாள். காதல் பார்வை எல்லாம் இல்லை. எங்கே தப்பு செய்வான் என்று காத்திருக்கிற பார்வைதான். அவள் இடப்பக்கம் எட்டிப் பார்த்தபோது அவன் விசிறி இடப்பக்கம் மறைத்தது. அவள் மண்டியிட்டபோது அவன் எண்ணிக்கை தவறாமல் அவளைச் சுற்றி வந்தான். வேண்டுமென்றே ஒருமுறை தப்பாகத் திரும்பினாள். "மேடம், இந்தப் பக்கம்" என்று அவன் மெதுவாகத் திருத்தினான். ஜன்னலில் சிரிப்பு அடங்கிவிட்டது.

மெட்டு முடிந்தது. அக்காவுக்கு மூச்சு வாங்கியது. பாடத்திட்டக் கோப்பை எடுத்து த்ரிக்ஸி முன் போட்டாள்.

"நாட்டுப்புற நடனம் ஒண்ணு முழுசா ஆடத் தெரியணும்னு இருக்கு. ஆம்பளை ஆட்டம்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா? காட்டு."

"இல்லக்கா, ஆனா..."

"வீடியோ பாத்துப் பொய் சொல்ல வர்ற ஆம்பளை, ஆம்பளை ஆட்டத்தைத்தான் படிச்சிட்டு வருவான். ஊர் சிரிக்கப் பாவாடை பிடிக்க மாட்டான். கையெழுத்துப் போடு."

த்ரிக்ஸி போட்டாள். அக்கா சிவப்பு மைப் படிவத்தைக் கிழித்தாள். பட்டியலில் ஜெஸ்மாரின் பெயரைத் தன் கையால் எழுதினாள். அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.  இவ்வளவு நாள் இவளைத் திட்டியதெல்லாம் வீண் என்றுகூட நினைத்தேன்.

ஆனால் அக்கா அக்காதான். பேனாவை மூடும் முன் ஒரு கேள்வி மிச்சம் வைத்திருந்தாள். "காலேஜ்ல உன் எதிர்ல ஆடினவன் யாரு? பேர் சொல்லு."

ஜெஸ்மார் எழுந்து நின்றான். கொஞ்சம் தயங்கினான். "எல்மெர் தாகுட்டான் மேடம். நாலு வருஷத்துக்கு முன்னாடி அவனும் இங்கதான் கடைசி வருஷம் படிச்சான். அவன் தாள்லயும் இதே மாதிரிதான் எழுத்து இறங்கி இருந்துச்சு."

அக்கா எந்தப் பெயரையும் மறக்கிறவள் அல்ல. எழுந்து உள் அறைக்குப் போனாள். ஒரு கோப்போடு திரும்பி வந்தாள். எல்மெருக்கு அந்த ஒரே ஒரு பாடம்தான் குறை. சிவப்பு மையில், அவள் எழுத்தில் இருந்தது. அந்த எல்மெர் பரீட்சை கேட்கவில்லை. அப்படி ஒரு விதி இருப்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது. அவளும் சொல்லவில்லை. கேட்காத எவனுக்கும் அவள் விதியைச் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

"எங்க இருக்கான் இப்ப?"

"மீன் படகுல போறான் மேடம். மறுபடி படிக்க வரல. வெக்கம்."

கோப்பில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அக்கா அலுவலக போனில் அடித்தாள். ஒரு பெண் எடுத்தாள். ஒலிபெருக்கி வழியாக எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"எல்மெர் இருக்காரா?"

"நீ யாரு?"

"பல்கலைக்கழகத்துலருந்து பேசுறேன்மா. அவர் படிப்பு விஷயமா. ஒரு பாடம் குறையுதுன்னு அன்னைக்குத் திருப்பி அனுப்பிட்டோம். தப்பு என்னோடது. அவர் ஒரு தரம் வந்து..."

"எந்தப் பல்கலைக்கழகம்? அவர் படிப்பைப் பத்திப் பேசியே நாலு வருஷம் ஆச்சு. இப்ப திடீர்னு ஒரு பொம்பளை போன் பண்ணி, தப்பு என்னோடது, வந்து பாருங்கன்னா, நான் என்னன்னு நினைக்கறது? உனக்கு அவரை எப்படித் தெரியும்?"

"அம்மா, நான் சொல்றது உண்மை. என் பேர் லூடிவினா, பதிவாளர் அலுவலகத்துல..."

"யாரும் சும்மா நல்லது பண்ண மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

அக்கா மறுபடி அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.