மசக்கைக்குக் கேட்ட மக்ரோனி

பங்களாச் சமையல் என்பது, நாம் ஒருநாளும் தின்று பாராத பண்டத்துக்கு உப்புப் பார்க்கிற சோலி. அடுப்படியில் புகை குடித்த உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஓர் அமெரிக்கத் தம்பதி வீட்டில் சமைத்தேன். மகள் செல்வி அப்போது கைப்பிள்ளை. குளிருக்கு அவளை முதுகில் கட்டிக்கொண்டுதான் வேலை. யூகலிப்டஸ் விறகு எரிகிற வாசனை வந்தால் இன்றும் எனக்கு அந்த அடுப்படிதான்.

துரைசாணியின் ஆசை

துரைசாணிக்கு மூன்றாம் மாசம். கஞ்சி, ரொட்டி, சூப்பு எது கொடுத்தாலும் வெளியே வந்துவிடும். கன்னம் ஒட்டிப்போயிற்று. "என்னதாம்மா திங்கணும்போல இருக்கு?" என்று கேட்டேன். அவர் பிறந்தது மெக்சிகோ எல்லையோரமாம். மக்ரோனியில் சீஸோடு மிளகாய், தக்காளி, சீரகம் எல்லாம் போட்டு, மேலே முறுக அவர் தாயார் சுட்டுத் தருவாராம். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள் எங்கள் ஊரில். பங்களாக்களிலேயே தலை நரைத்த பட்லர் சூசை அண்ணனிடம் ஓடினேன். அவர் சொன்னார்: "வெள்ளைக்காரவுகளுக்கு மிளகாயா? ஏ புள்ள, என்னையும் சேத்து மலையிறக்கிருவ போலிருக்கே."

முதல் சட்டி

அவர் பேச்சைக் கேட்காமல் மறுநாளே இறங்கிவிட்டேன். வெள்ளனே எழுந்து மக்ரோனியை இட்லி அரிசி மாதிரி ஊறப்போட்டேன். அடுப்பில் ஏற்றினால் களியாகக் குழைந்துவிட்டது. அதில் சீஸைப் போட்டு, கை சும்மா இருக்காமல் கடுகு கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினேன்.

துரைசாணி ஒரு கரண்டி வாயில் வைத்தார். பண்டிதரிடம் படித்த தமிழ் அவருக்கு. தட்டை மெல்லத் தள்ளி வைத்துச் சொன்னார்: "ராக்கம்மா, இது என் தாயார் வீட்டு வாசல் வரை வந்துவிட்டது, உள்ளே நுழையவில்லை."

இரண்டாம் சட்டி

தாயார் முதலில் என்ன செய்வார் என்று நிதானமாகக் கேட்டேன். மிளகாயைத் தீயில் சுடுவாராம். அட, நாம் கத்தரிக்காய் சுடுகிற மாதிரிதானே! குடமிளகாயைத் தணலில் கருகச் சுட்டுத் தோலை உரித்தேன். மக்ரோனியைக் கொதிக்கிற உப்புத்தண்ணீரில் போட்டு, விறைப்பு இருக்கும்போதே வடித்தேன். வெண்ணெயில் மைதாவைப் பிரட்டிப் பால் ஊற்றி, சீஸைத் துருவிப் போட்டு, தக்காளி, பச்சை மிளகாய், வறுத்த சீரகப்பொடி எல்லாம் சேர்த்தேன். தகர அடுப்புப் பெட்டிக்கு மேலும் கீழும் தணல் வைத்தேன். மேலே பொன்னாக முறுகி வந்தது.

தட்டைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார் சூசை அண்ணன். நானே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். இருவரும் கதவுக்குப் பின்னால் நின்றோம், குளியலறைப் பக்கம் ஓடுகிற சத்தம் கேட்குமோ என்று. கரண்டி தட்டை வழிக்கிற சத்தம்தான் வந்தது. பிறகு துரைசாணியே காலித் தட்டோடு அடுப்படிக்கு வந்து, "இன்னும் உண்டா?" என்றார்.

அவர் தட்டு நிறைய வாங்கிக்கொண்டு போனதும் சூசை அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நாந்தான் அப்பவே சொன்னேன்ல, மிளகாயைக் கூடப் போடுன்னு."

அடுத்த சீசனுக்குள் பிறந்த பிள்ளையின் காதுகள் சுத்தமாக இருந்தன, சூசை அண்ணனுக்கு மக்ரோனிக்காரர் என்று மலையெல்லாம் பேர் வந்தது, எனக்கு மிஞ்சியது மக்ரோனிக்கும் ரசம் ஊற்றச் சொல்கிற என் வீட்டுக்காரர்தான்.